நான்காவது கதவு

"எவ்வளவு போனாலும் விடாதேம்மா. எனக்கு அந்தப் படம் வேணும்" என்றார் டாக்டர் போனில்.

மறுமுனையில் பேசியவள் ஏலக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். நேரில் வராதவர்களுக்காக மண்டபத்தில் கை தூக்குவதுதான் அவள் வேலை. "ரெண்டு பேர் இன்னும் மல்லுக்கு நிக்கிறாங்க சார். மூணு கோடி தாண்டிடுச்சு."

"நாலுன்னு சொல்லு."

சுத்தியல் விழுந்த சத்தம் போனிலேயே கேட்டது. தெருவில் வரைகிற ஒருவரின் படம் இவ்வளவுக்குப் போனதே இல்லை என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. வாங்கியவர் பெயர் தெரியாததால் 'தீவிர ரசிகர்' என்று போட்டு ஒப்பேற்றியிருந்தார்கள்.

வரைந்த ஆளையும் யாரும் பார்த்ததில்லை. பஸ் நிறுத்தச் சுவரிலும் கடை ஷட்டரிலும் திடீரென்று ஒரு நாள் படம் இருக்கும். ஜனங்கள் தாங்களாகவே 'முகங்காட்டான்' என்று பேர் வைத்துவிட்டார்கள். புகழ் வந்த பிறகு வருஷத்துக்கு ஒன்றாகப் பழைய மரக்கதவுகளில் வரைந்த படங்கள் ஏலக் கம்பெனிக்கு வர ஆரம்பித்தன. டாக்டர் வாங்கியிருப்பது நான்காவது.

முதல் மூன்றும் அவருடைய வக்கீல் ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு வந்தவை. வாங்குவது யார் என்று கம்பெனிக்கே தெரியாது. இந்த முறை அவள் போன் செய்தாள்.

"வார்னிஷ் இன்னும் காயலை சார். பெட்டியில அடைச்சா பாழாயிடும். வீடு எங்கேன்னு சொன்னீங்கன்னா நானே கொண்டுவந்து கொடுத்துடறேன்."

டாக்டர் தயங்கினார். ஆனால் அவளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. வரச் சொன்னார்.

மதியம் வேன் வந்தது. கூட வந்த இரண்டு ஆட்கள் கதவை மாடிக்குத் தூக்கிவைத்துவிட்டு இறங்கிப் போனார்கள். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. டாக்டர் பூட்டைத் திறந்த அந்த அறையில் அதிகம் சாமான் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை. முன்பு வாங்கிய மூன்று கதவுகளும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன.

"மாட்டவே இல்லையா சார்?"

"இல்லை."

புதுக் கதவைச் சுற்றியிருந்த துணியை அவள் மெதுவாகப் பிரித்தாள். "இந்தக் கீழ் மூலையைத் தொட்டுடாதீங்க. அங்க மட்டும் ரெண்டு பூச்சு."

விடிகிற நேரத்து ரோடு. வளைவில் ஒரு கார். தரையில் ஒரு பெண் கிடக்கிறாள். பக்கத்தில் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், கழுத்து லேசாகத் திரும்பியிருக்கிறது, ஒரு காது மட்டும் தெரிகிறது.

டாக்டர் பார்த்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தார். "இதை வரையறவனை உனக்குத் தெரியுமா?"

"எதுக்கு சார்?"

"ஒரே ஒரு தடவை பேசணும். நிறுத்திடுப்பான்னு கேக்கணும்."

அவள் துணியை மடிக்க ஆரம்பித்தாள். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல அவரே பேசினார்.

"இது கற்பனை இல்லம்மா. இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. டியூட்டி முடிஞ்சு கிளம்பறப்ப கொஞ்சம் குடிச்சிருந்தேன். அந்த அம்மா எப்ப ரோட்டுக்கு வந்தாங்கன்னே தெரியலை."

"இறங்கினீங்களா?"

"இறங்கினேன். நாடி பார்த்தேன்."

"இருந்துச்சா?"

அவர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். "இருந்துச்சு."

மடித்துக்கொண்டிருந்த கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு ஓரத்தோடு ஓரம் சேர்த்து மறுபடி மடித்தது. "ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் சார்?"

"பத்து நிமிஷம். ஆனா வேலை போயிடும், ஜெயிலுக்குப் போயிடுவேன், அது ஒண்ணுதான் அப்ப மண்டையில ஓடுச்சு. திரும்பிக்கூடப் பார்க்காம வண்டியை எடுத்துட்டேன். யாருமே இல்லைன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்."

முதல் படத்தைப் பேப்பரில் பார்த்த அன்று போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை என்றார். அதில் வெறும் ரோடும் காரும்தான், ஆனால் அவர் காரின் உடைந்த விளக்கு அச்சு அசலாக இருந்தது. இரண்டாவதில் அந்தப் பெண் விழுந்து கிடந்தாள். மூன்றாவதில் ஒருவன் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். தன் மகளை வீட்டுப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லி மூன்று வருஷமாகிறது. கேட்டால் என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் அவளோடு போனில் பேசுவதையும் விட்டுவிட்டார்.

"கொஞ்சம் கொஞ்சமா வந்துட்டிருக்கான், பார்த்தியா? இப்ப காது வரைக்கும் வந்தாச்சு. அடுத்ததுல முகத்தைப் போட்டுடுவான்." படத்தில் அந்தக் காதை விரலால் காட்டினார். "அவன் என் முகத்தைப் பார்த்திருக்கான்மா."

அவள் துணியை மேஜைமேல் வைத்தாள். இன்னொரு நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவர்மேல் விழுந்தது. நெற்றி, மூக்கு, தாடை என்று அவசரமே இல்லாமல் பார்த்தாள்.

"இல்ல சார். அன்னிக்கு நான் பார்த்தது உங்க முதுகை மட்டும்தான்."