முப்பது எண்ணாதவன்

பத்து மணிக்கு அக்காவுக்கு லேப்டாப்பில் நேர்காணல். எட்டு மாதமாக வேலை இல்லாதவள். ஒன்பதே முக்காலுக்கு நெட் படுத்துவிட்டது. ரவுட்டரை அணைத்து, எட்டு வரை எண்ணி, மறுபடி போட்டேன். விளக்குகள் எரிந்தன. அவள் அறைக்குப் போகும் கேபிளில் மட்டும் நெட் வரவில்லை.

நெட்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அணைச்சுட்டு முப்பது எண்ணுனீங்களா தம்பி?”

“எண்ணினேண்ணே.”

“இங்க உங்க அக்கா லேப்டாப் ரெண்டு தடவை காட்டுது. ஒரே பேரு, ஒரே நம்பரு. ஒண்ணைக் கழட்டுங்க.”

“வீட்டுல இருக்கறதே ஒண்ணுதாண்ணே.”

அக்கா அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து என் தலையில் குட்டினாள். “நீயாவது, முப்பது எண்றதாவது! உனக்கு எட்டுக்கு மேல எண்ணவே பொறுமை கிடையாதுடா, எருமை. சீக்கிரம் புடுங்கு.”

ரவுட்டரிலிருந்து அக்கா அறைக் கேபிளைப் பிடுங்கினேன்.

“இப்ப சரி. ஒண்ணுதான் இருக்கு, நல்லா ஓடுது” என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

கேபிள் என் கையில் இருந்தது. அதைப் பிடுங்கிய இடத்தில் பச்சை விளக்கு இன்னும் சிமிட்டியது.

மணி பத்து. சாத்திய அறைக்குள் அக்காவின் குரல் கேட்டது. “வணக்கம் சார். நான் பேசறது கேக்குதா?”

பக்கத்தில் நின்ற அக்கா என் தோளை இறுகப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

ரவுட்டரை அணைத்தேன். இந்தமுறை ஒழுங்காக எண்ணினேன். உள்ளே பேச்சு நிற்கவில்லை; சிரிப்பும் கேட்டது. இருபத்தொன்பது வரும்போது என் தோளில் கனம் இல்லை. திரும்பிப் பார்க்காமல் முப்பது என்றேன்.