இருக்கிறதிலேயே மட்டமானது

"இருக்குறதுலேயே மட்டமான பவர் சப்ளையா எடு தங்கச்சி. மாட்டுன அன்னிக்கே வெடிக்கணும்."

பிரேசிலின் ரெசிஃபே நகரக் கடைத்தெருவில் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ஜுசிலேனிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. ஜெனிவால்டோ அவளுக்கென்றே கட்டிய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். ஜூனில் அவளுக்கும் அவனுக்கும் கல்யாணம். அவன் கம்ப்யூட்டருக்கென்று, கடையிலேயே உசத்தியான பவர் சப்ளை ஒன்றை, அவன் பெயரை எழுதி மேசைக்கடியில் ஒதுக்கி வைத்திருந்தாள்.

"ஏன் நிறுத்திட்டே? நல்ல பாட்டு" என்றாள் வந்தவள். நாற்பது வயதிருக்கும். பெயர் ஈராசியாம்.

"அது கெடக்கட்டும். யாருக்குக்கா இந்த மட்டமான சரக்கு?"

"என் புருஷனுக்கு. ரெண்டு பிள்ளைங்களையும் என்னையும் விட்டுட்டு இந்த ஊருக்கு ஓடி வந்துட்டான். போகட்டும். பன்னெண்டு வருஷம் நான் பாடுபட்டதையும் கம்ப்யூட்டரோட தூக்கிட்டு வந்துட்டான். கார்னிவலுக்குத் தன் பேர்ல விக்கப் போறானாம். அந்த டிஸ்க் கருகணும்."

ஜுசிலேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் புருஷன் அவளையும் இப்படித்தான் விட்டுப் போனான். மேல்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒன்றை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"பாருங்க, பஞ்சு கணக்கா இருக்கு. உள்ள ஒரு மண்ணும் இல்ல. மேல மட்டும் அறுநூறு வாட்னு ஒட்டியிருக்கான் புண்ணியவான்."

"அவன் கண்டுபிடிச்சுட மாட்டானா?"

"உங்க ஊர்ல கரண்டு எவ்வளவு?"

"நூத்தியிருபத்தேழு."

ஜுசிலேன் சிரித்தேவிட்டாள். "அப்போ கவலைய விடுங்க. இங்க இருநூத்தியிருபது. அந்தப் பக்கத்து ஆளுங்க, பின்னாடி கரண்டு அளவு மாத்துற சிவப்பு விசையத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. புகைஞ்சதைத் தூக்கிட்டு எத்தனை பேரு இங்க வந்து அழுதிருக்காங்க தெரியுமா?"

விசையைக் குறைந்த கரண்டுக்கான நூற்றுப்பதினைந்தின் பக்கம் தள்ளினாள். அதோடு விடவில்லை. மேலே ஒரு சொட்டுப் பசையும் வைத்தாள்.

"இனி அவன் பாட்டனே வந்தாலும் நகராது. பட்டனை அமுக்கினா டமார்! டிஸ்க்கையும் சேர்த்துத் தின்னுட்டுத்தான் அடங்கும்."

"நீ நல்லா இருப்பே."

"காசெல்லாம் வேண்டாம்க்கா. அந்த நாய்க்கு என் செலவுல கருமாதி" என்று பையில் போட்டு நீட்டினாள்.

ஈராசி கை நீட்டவில்லை. அவள் பார்வை மேசைக்கடியில் போய் நின்றது.

"நீ பாடிக்கிட்டிருந்தியே தங்கச்சி, அது நான் கட்டுனதுல மூணாவது பாட்டு."

பை ஜுசிலேனின் கையிலேயே தொங்கியது.

"அதை நீயே கொண்டுபோ. நீ குடுத்தாத்தான் ஜெனிவால்டோ கண்ணை மூடிட்டு மாட்டுவான்."