ஆயிரம் கோழிக் கணக்கு

"ஒரு பண்ணையில ஆயிரம் கோழி இருக்கு. வருஷா வருஷம் பத்து சதவீதம் பெருகுது. மூணு வருஷம் கழிச்சு எத்தனை கோழி இருக்கும்? சொல்லுங்க."

கட்டிலில் தலையில் கட்டோடு படுத்திருந்த கணவரிடம் அவள் இப்படிக் கேட்டதும், டாக்டர் திகைத்துப் போனார்.

"இப்ப எதுக்கும்மா கணக்கு?"

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா?" தம்பி அவள் தோளைத் தொட்டான். "தலையில அடிபட்ட மனுஷர்கிட்ட சதவீதம் கேக்குறியே! நல்லா இருக்கற எனக்கே வராது."

"நீ சும்மா இருடா."

லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் ஏணி சறுக்கி விழுந்தவர். இன்று காலைதான் கண் திறந்தார். டாக்டர் கேட்டதற்குப் பேர் சொன்னார், விரலை மடக்கிக் காட்டினார். ஆனால் அவளைப் பார்த்த பார்வைதான் சரியில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரோ வந்து உட்கார்ந்தது போல ஒரு பார்வை. வழக்கமாக வாய் ஓயாமல் 'டீச்சர், டீச்சர்' என்று கூப்பிடுகிறவர், ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

"பழசு கொஞ்சம் மறந்திருக்கலாம். போகப் போகத்தான் தெரியும்" என்று டாக்டர் சொன்னதும், அவளுக்குப் பொறுக்கவில்லை. நேரே கோழிப் பண்ணைக் கணக்குக்குப் போய்விட்டாள்.

"யோசிச்சு சொல்லுங்க. அவசரமில்ல."

அவர் உதடு மெல்ல அசைந்தது.

"ஆயிரத்து... முந்நூறு."

டாக்டர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். முகம் வாடியது. "தப்பும்மா. ஆயிரத்து முந்நூத்து முப்பத்தொண்ணு. பரவாயில்ல, இந்த நிலைமையில..."

அதற்குள் அவள் இரு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கியிருந்தாள். "அக்கா, அழாதே" என்று கையை விலக்கப் போன தம்பி அசந்து போனான். கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இந்த விடைதான் வேணும், டாக்டர்! சரியா சொல்லியிருந்தார்னாதான் நான் பயந்திருப்பேன்!"

டாக்டர் தம்பியைப் பார்த்தார். தம்பி அக்காவைப் பார்த்தான்.

"புரமோஷன் பரீட்சைக்காக எங்கிட்ட மாலை வகுப்புக்கு வந்தவர் இவர், டாக்டர். இதுதான் என் கடைசிக் கணக்கு. சரியா போட்டவங்களுக்கு அன்னிக்கோட வகுப்பு முடிஞ்சுது. எல்லாரும் போட்டுட்டுப் போய்ட்டாங்க. இவர் மட்டும் தினமும் வந்து இதே ஆயிரத்து முந்நூறு! 'வருஷத்துக்கு நூறு, மூணு வருஷத்துக்கு முந்நூறு'ம்பார். 'புதுசா வந்த கோழி சும்மா உக்காந்திருக்குமா, அதுவும் பெருகாதா'ன்னு கேட்டா, 'அது பச்சக் குழந்தை டீச்சர், பாவம்'பார்!"

தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பரீட்சையில எப்படித்தான் மாமா தேறினாரோ!"

"அது எனக்கும் இன்னிக்கு வரைக்கும் புரியல. கல்யாணமாகி, டம்ளரையெல்லாம் கோழியா அடுக்கி வச்சுகூட விளக்கிப் பார்த்துட்டேன். ஏறவே இல்ல. டாக்டர், இவருக்கு எதுவும் மறக்கல. அதே மனுஷர், அதே தப்போட திரும்பி வந்துட்டார்."

"நல்ல டெஸ்ட் வச்சிருக்கீங்கம்மா!" டாக்டர் வாய்விட்டுச் சிரித்தபடி அடுத்த அறைக்குப் போனார். தம்பி டீ வாங்கப் போனான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போர்வையைச் சரி செய்தாள். அவர் விரல்கள் மெதுவாக அவள் கையைத் தேடிப் பிடித்தன.

"டீச்சர்."

"ஐயோ, இதைக் காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? ஏன் அப்படி வெறிச்சுப் பார்த்தீங்க?"

"நீ ரெண்டு ரெண்டா தெரிஞ்சே. அதுல எது நம்ம டீச்சர்னு பார்த்துட்டிருந்தேன்."

அவள் சிரித்தாள். மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது.

"கொஞ்சம் கிட்ட வா டீச்சர். புதுக் கோழியும் பெருகும். முதல் வருஷம் ஆயிரத்து நூறு, அடுத்து ஆயிரத்து இருநூத்துப் பத்து, அப்புறம்... டாக்டர் சொன்னது சரிதான்."

போர்வையின் நுனி அவள் கையிலேயே நின்றுவிட்டது. "இது... எப்பத்திலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்தே. சரியா சொல்லியிருந்தா, அன்னிக்கே வகுப்பு முடிஞ்சுதுன்னு என்னை அனுப்பியிருப்பியே டீச்சர்!"