பக்கத்து ஊர்த் தலைவர்

மருங்காபுரி அருகே ஒரு சின்ன ஊராட்சிக்குத் தலைவி இளவேனில். கிராம சபைக் கூட்டம் கூடினாலே, "கடலை ஒண்ணுகூட மிஞ்சலை, குரங்கைப் பிடிங்க!" என்று ஊரே கத்தும். கடைசியில் குரங்குகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, பூவரசனின் மினி லாரியில் ஏற்றி, பக்கத்து ஊர் மலையடியில் விட்டுவரச் சொன்னாள்.

மத்தியானம் தார்ப்பாய் மூடிய வண்டி திரும்பி வந்தது. ஜனங்கள் கைதட்டி, தலைவிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"யாரும் பார்க்கலையே?" என்று பூவரசனிடம் கிசுகிசுத்தாள்.

"அந்த ஊர்த் தலைவரே பார்த்துட்டாருங்க."

அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். "சண்டைக்கு வந்தாரா?"

"சேச்சே, தங்கமான மனுஷங்க. எல்லாத்தையும் இறக்குற வரைக்கும் பொறுமையா நின்னாரு, டீ வாங்கிக் கொடுத்தாரு. வெறும் வண்டியாவா போறதுன்னு லோடும் ஏத்தி விட்டாரு. உங்க வீட்டு வாசல்லயே இறக்கணுமாம்."

"என்ன பெருந்தன்மை! என்ன லோடுப்பா?"

பூவரசன் தலையைச் சொறிந்தான். அதற்குள் தார்ப்பாயை விலக்கி நீண்ட ஒரு கறுத்த கை, அவள் பொன்னாடையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனது.

"அவங்க ஊர்ல பிடிச்சதுங்க," என்றான் பூவரசன். "நம்மளுதை விட ஒரு சுத்து பெருசு."