அட்மின் அழித்த வாழ்த்து

கட்டிங் மாஸ்டர் காலையில் போட்ட வாழ்த்தைக் காணோம். அது இருந்த இடத்தில், அட்மின் நீக்கிவிட்டார் என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

மாஸ்டருக்குச் சுள்ளென்றது.

மெத்தைக் கம்பெனியில் ஸ்பாஞ்சு வெட்டுவது அவர் தொழில். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்துப் போடுவது அவர் உரிமை. வாட்ச்மேன் முதல் முதலாளி வரை ஒருவரையும் விட்டதில்லை.

இன்று தையல் பிரிவுக்குப் புதிதாக வந்த பெண்ணுக்குப் பிறந்தநாள். ஆள் லீவு. அம்மாவோடு படகில் உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி காலையில்தான் பேஸ்புக்கில் படம் போட்டிருந்தாள். முதலாளி பேஸ்புக் பக்கம் போகிறவர் இல்லை. ஆனால் குரூப்பில் இருக்கிறார். மாஸ்டர் அந்தப் படத்தை எடுத்தார். சுற்றிலும் பலூன் ஒட்டினார். 'எங்கள் தங்கச்சி, தையலில் புலி' என்று எழுதிக் குரூப்பில் போட்டார்.

காரணமாகத்தான் போட்டார். அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முதலாளி இன்றுதான் முடிவு செய்கிறார். வந்து சூப்பர்வைசரின் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாருக்கும் பிடித்த பிள்ளை என்று அவருக்கும் தெரியட்டுமே.

"யாரு அக்கா அழிச்சது?" என்று கேட்டார் மாஸ்டர்.

"அட்மின் வேற யாரு? நம்ம சூப்பர்வைசர்தான்" என்றாள் தையல்கார அக்கா. "ஊமைக்கோட்டான்."

"அந்தப் புள்ள மேல அந்தாளுக்கு என்ன கடுப்பு?"

"நல்லா தைக்கிறாளே, அதான்."

மாஸ்டர் மறுபடி போட்டார். இந்த முறை ரெண்டு பலூன் கூடுதல்.

கண்ணாடி அறைக்குள் சூப்பர்வைசரின் கை மேஜைக்கடியில் போனது. வாழ்த்து போயிற்று. கூடவே மாஸ்டருக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

'சும்மா இரு.'

"பாருக்கா திமிரை. 'இருங்க' கூட இல்ல."

"அங்க பாருங்க மாஸ்டர்" என்றாள் அக்கா. "நாம பத்து கேட்டா ஒண்ணுக்கு 'ம்' சொல்ற மனுஷன், இன்னிக்கு முதலாளிகிட்ட வாய் மூடாம பேசுது."

பார்த்தார். நிஜம்தான். சூப்பர்வைசர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். முதலாளி போனை எடுக்கப் போனால், ஒரு மெத்தைத் துணியை அவர் கையில் திணித்தார். முதலாளி அதைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

"பத்த வைக்கிறான்கா. புள்ள வேலைக்கு உலை வைக்கிறான்."

"விடுங்க மாஸ்டர். நமக்கேன் வம்பு?"

"எப்படி விட? அது சம்பாத்தியத்துலதான் அந்த வீட்டுல அடுப்பு எரியுது."

மூன்றாவது முறை போட்டார். போன வேகத்தில் காணாமல் போயிற்று.

மாஸ்டர் வெட்டுக்கத்தியை நிறுத்தினார். உடம்பில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சுத் தூளைத் தட்டினார். போனில் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு கிளம்பினார்.

"எங்க போறீங்க?"

"முதலாளி மூஞ்சிக்கு நேராவே காட்டிடுறேன். அதையும் அழிப்பானா பார்க்கலாம்."

கண்ணாடிக் கதவை அவர் தொடுவதற்குள் சூப்பர்வைசர் எழுந்து வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"என்ன?"

"முதலாளிகிட்ட ஒண்ணு காட்டணும்."

"போய் வேலையைப் பாரு."

"சார், ஒரு நிமிஷம்..."

கதவு மூக்குக்கு முன்னால் சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மாஸ்டர் திரும்பி வந்து ஸ்பாஞ்சை வெட்டினார். கோணலாக வெட்டினார்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் முதலாளியின் கார் கிளம்பிப் போயிற்று. சூப்பர்வைசர் நேரே மாஸ்டரிடம் வந்தார். கையில் ஒரு தாள். அதை வெட்டுமேஜை மேல் வைத்தார்.

மாஸ்டர் படித்தார். புதுப்பெண்ணின் வேலை நிரந்தர உத்தரவு. கீழே முதலாளியின் கையெழுத்து, மை காய்ந்தும் காயாமலும்.

மாஸ்டர் அதை இன்னொரு முறை படித்தார்.

"நீங்களா சார் வாங்கிக் கொடுத்தீங்க?"

"ம்."

"அப்புறம் ஏன் சார் வாழ்த்தை அழிச்சீங்க?"

சூப்பர்வைசர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

"புது ஆளுக்கு உடம்பு சரியில்லைன்னா மட்டும்தான் முதலாளி லீவு கொடுப்பார். தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்..."

"அந்தப் பொண்ணு காய்ச்சல்ல எழுந்திரிக்க முடியாமக் கிடக்குதுன்னு நான்தான்யா அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீ அவளைப் படகுல ஏத்தி, பலூன் கட்டி, மூணு தடவை அவருக்கே அனுப்புற."