முள்சீத்தா டீ

இன்றைக்கு மட்டும் இது நன்றாக இருந்துவிடக் கூடாது.

டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டாள்.

எதிரே அவள் கணவர் நின்றார். கையிலிருந்த வடிகட்டி தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முள்சீத்தா இலை டீ. ஒரு மண்டலம் குடித்தால் மார்புக் கட்டி கரைந்துவிடும் என்று யாரோ வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அந்த நாற்பத்தெட்டு நாளும் கீமோ ஊசி கூடாதாம்.

மூன்று ஊசி முடிந்திருந்தது. கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். கணவர் காதில் விழுந்ததெல்லாம் இரவில் இவள் வாந்தியெடுக்கும் சத்தம்தான்.

இன்று நான்காவது ஊசி.

முதன்முதலாக அவர் போட்ட டீ வாயில் வைக்க முடியவில்லை. வெயிலில் கருகிய இலை, கசக்கும்வரை கொதித்த தண்ணீர். துப்பிவிட்டாள்.

அவர் விடவில்லை. முப்பது வருஷமாக அடுப்புப் பக்கம் வராத மனுஷன். இலையை நிழலில் உலர்த்தக் கற்றுக்கொண்டார். கொதி அடங்கிய பிறகு போட்டு, மணம் போகாமல் தட்டால் மூடக் கற்றுக்கொண்டார். எலுமிச்சைப்புல் சேர்த்தார். புதினாவைக் கிள்ளிப் போட்டார். பனங்கற்கண்டைக் கடைசியில்தான் போட வேண்டும் என்று அவளுக்கே சொல்லிக் கொடுத்தார்.

ஒரு வாய் குடித்தாள்.

நன்றாக இருந்தது.

சோறும் தண்ணீரும் துருப்பிடித்த இரும்பாகவே ருசித்த நாக்கு அது. அதில் இப்போது புல்லின் வாசம் ஏறியது. இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு ருசி.

கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா சாமி. இன்னிக்கு ஆஸ்பத்திரி வேண்டாம். ஒரு மண்டலம் இதையே குடிச்சுப் பாக்கலாம். எனக்காக.”

எனக்காக.

அந்த ஒரு சொல்லுக்காக அவள் விட்டது கொஞ்சமா. பள்ளிக்கூட வேலையை விட்டாள். தங்கையோடு பேசுவதை விட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் அன்பாகத்தான் கேட்டார். இன்றும் அன்பாகத்தான் கேட்கிறார். பயந்து போயிருக்கிறார், பாவம்.

ஆனால் இனி விடுவதற்கு மிச்சமிருப்பது இந்த உடம்பு மட்டும்தான்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவள்தான் வரச் சொல்லியிருந்தாள்.

அவர் அவசரமாக இன்னொரு டம்ளர் ஊற்றினார். மேஜைமேல் கிடந்த ஆஸ்பத்திரி ஃபைலின் மேல் அதை வைத்தார்.

ஆவி பறந்தது. வாசம் வீடெல்லாம் பரவியது.

அவள் டம்ளரை எடுத்தாள். அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்து, அவற்றுக்குள் வைத்தாள். ஃபைலை எடுத்து இடுக்கிக்கொண்டாள்.

“ஆறிப்போகுதுங்க. நீங்க குடிங்க. நான் ஆட்டோவுல உக்காந்திருக்கறேன்.”