வலப்பக்க அம்பு

இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையின் பிளானிங் அறையில், பக்கத்து ஷெட்டின் பிரஸ் மெஷின் இடிக்கும்போதெல்லாம் மானிட்டர் லேசாக நடுங்குகிறது. மேற்கு வெயில் திரையில் பாதியை விழுங்கியிருக்க, காந்திமதி துப்பட்டாவைத் தூக்கிப் பிடித்து நிழல் செய்துகொண்டு புது ஷெட்டின் வரைபடத்தைப் பார்க்கிறாள். ஷிப்ட் முடிவதற்குள் மேனேஜரிடம் காட்ட வேண்டும். அதற்குள் காலையில் எப்படி இருந்தது என்று பார்க்க ஓர் ஆசை. செய்ததை ஒவ்வொரு படியாகப் பின்வாங்கும், திரை மேலிருக்கும் இடப்பக்க அம்பை அழுத்த அழுத்த, பகலெல்லாம் அவள் வரைபடத்தில் வைத்த மெஷின்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. வலப்பக்க அம்பை அழுத்தினால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று, இந்த சாஃப்ட்வேரை எழுதிய மாரிராஜே சொல்லியிருக்கிறான். அந்த நம்பிக்கையில் அவள் சேவ் கூடச் செய்யவில்லை. மிச்சமிருக்கும் ஒரே மெஷின் கோணலாக நிற்பது பொறுக்காமல், அதை மவுஸால் இழுத்து நேராக்குகிறாள். வலப்பக்க அம்பு மங்கிப்போகிறது.

"இன்னா மாரி, அழுத்துனா வர மாட்டேங்குது?"

பின்னால் நிற்கும் மாரிராஜ் குனிந்து திரையைப் பார்க்கிறான். பின்னே போய்ப் புதிதாக எதைச் செய்தாலும் வலப்பக்க அம்பு திருப்பித் தர வேண்டியதையெல்லாம் அழித்துவிடு என்று ஒற்றை வரி எழுதியவன் அவன்தான். எழுதியபோது அது சரியாகத்தான் பட்டது.

"புதுசா ஒண்ணு செஞ்சிட்டீங்கல்லா அக்கா, பழசெல்லாம் போயிட்டு."

"அவ்ளோதானே? அத்த மறுபடியும் கோணலாக்கிட்டா போச்சு."

இடப்பக்க அம்பை அழுத்துகிறாள். மெஷின் கோணலாகிறது. வலப்பக்க அம்பு பளிச்சென்று உயிர்பெறுகிறது.

"பாத்தியா, வந்துடுச்சு!"

மலர்ந்த முகத்தோடு அவள் அவனைத் திரும்பிப் பார்க்கிறாள். அவள் அழுத்துகிறாள். காலித் தரையில் அந்த ஒரு மெஷின் மட்டும் சமர்த்தாக நேராகிறது.